அந்தரத்தில் அறுந்த காந்தக் கோடுகள்

முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் கூலி வேலை பார்க்கும் கூத்தையாவின் மகள் மாரிச்செல்வி, ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சூரியனின் மேற்பரப்பில் காந்தப்புலம் எப்படி வளைகிறது என்பதை அவளுடைய வழிகாட்டி உக்கிரபாண்டி எழுதிய புரோகிராம் கணக்கிட்டுத் தரும். அந்த எண்களைப் படமாக்குவது அவள் வேலை. படம் வரையும் மென்பொருளில் தொடக்கப் புள்ளிகளை வைத்தால், புலம் காட்டும் திசையிலேயே போய் அது கோடுகளை வரைந்துவிடும்.

ஒருநாள் கோடுகள் அந்தரத்தில் அறுந்து நின்றன. ஒரு கோட்டை எவ்வளவு நீளம்வரை வரையலாம் என்று மென்பொருளில் இருந்த வரம்பைக் கூட்டிப் பார்த்தாள். அப்போதும் அதே இடத்தில்தான் நின்றன. காந்தக் கோடு அப்படி நடுவில் முடியாது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம்.

"சார், புரோகிராம்ல எங்கனயோ தப்பு இருக்கு," என்று போய்ச் சொன்னாள்.

உக்கிரபாண்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அறுந்த கோட்டையெல்லாம் மறைச்சிரு. நல்லா வர்ற எடத்துல மட்டும் புள்ளிய வையி. அடுத்த வாரம் கருத்தரங்கு."

"அது பொய்ப் படம் சார்."

"மொளகா பெறக்குற வீட்டுப் புள்ள எனக்குப் பாடம் நடத்துதாக்கும்?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றே ஒரு சோதனை செய்தாள். சட்டக் காந்தத்தின் கோடுகள் எப்படி வரும் என்பது யாருக்கும் தெரியும். அந்தப் புலத்தின் எண்களை அவருடைய புரோகிராம் வழியாகவே கோப்பில் எழுதவைத்துப் படம் போட்டாள். அதுவும் அறுந்தது. புரோகிராம் எண்களை வரிசை மாற்றி எழுதியிருந்தது. நீளத்தில் இருக்கவேண்டிய எண் உயரத்தில் போய் உட்கார்ந்திருந்தது. வரிசையைச் சரிசெய்ததும் கோடுகள் முழு வளையமாக வந்தன.

அதைக் காட்டியும் அவர் மசியவில்லை. தானே புள்ளி வைத்துத் தேர்ந்தெடுத்த அழகான படத்தை ஒரு கட்டுரையில் சேர்த்து, அவள் பெயரையும் போட்டுக் கருத்தரங்குக்கு அனுப்பினார். அவள் அமைப்பாளர்களுக்கு எழுதித் தன் பெயரை நீக்கச் சொன்னாள். அந்தக் கோபத்தில் உக்கிரபாண்டி அவளுடைய ஆராய்ச்சியின் ஆறுமாத முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

மாரிச்செல்வி படங்களை எடுத்துக்கொண்டு நேராகத் துறைத்தலைவர் காலிதாவிடம் போனாள். காலிதா இருவரையும் எதிரே உட்காரவைத்து, சட்டக் காந்தப் படத்தை நீட்டினார். "இது ஏன் அறுந்திருக்கு? நீங்க சொல்லுங்க உக்கிரபாண்டி."

அவர் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். காலிதா சொல்லி, கருத்தரங்குக்குப் போன கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. காலிதாவே அவளுக்கு வழிகாட்டியாகி, அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் உக்கிரபாண்டி கேட்டார்: "ஒரு படத்துக்குப் போயி இம்புட்டு ஆங்காரமா?"

"பொய்யின்னு தெரிஞ்சும் அதுல எம்பேரப் போட்டீகள்ல சார்? வராம என்ன செய்யும்?"

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் இன்றுவரை வரவில்லை. சரியான படத்தோடு மாரிச்செல்வியின் கட்டுரை அடுத்த ஆண்டு வெளியானது. அவளுக்கு ஆத்திரம் மட்டும் அடங்கவே இல்லை.