செட்டுக்காரரின் பழைய பாட்டுகள்

"அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். பாட்டின் மேல் இல்லை, சொல்கிற ஆளின் மேல். இவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. பால்காரர் வழக்கத்துக்கு மேல் சிரித்தால் பாலை முகர்ந்து பார்ப்பேன். என் வீட்டுக்காரர் இதைப் போலீஸ் புத்தி என்பார். ஆனால் பாட்டு விஷயத்தில் அந்தப் புத்தியை எனக்கு வளர்த்துவிட்டவரே அவர்தான்.

கறம்பக்குடியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செட்டுக்காரர் என்றால்தான் தெரியும். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா எதுவானாலும் ரேடியோ செட்டு வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். கிராமங்களில் அப்போது கரண்ட் ஏது? இசைத்தட்டு சுற்றுகிற ஒரு பெட்டி, ஒரு கார் பேட்டரி, ஒலிபெருக்கிக் குழாய் இரண்டு, அவ்வளவுதான் செட்டு. குழாயை ஊரிலேயே உயரமான மரத்தில் கட்டுவார்கள். பாட்டு பக்கத்து ஊருக்குக் கேட்கவில்லை என்றால் விசேஷ வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார். எங்களுக்கு நிலம் நீச்சு கிடையாது. செட்டு வெளியே போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

எங்கள் கல்யாணம் சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நடந்தது. அதற்கு முன்பு அவர் மீமிசலில் ஒரு டூரிங் கொட்டகையில் வேலை பார்த்தார். படம் ஆரம்பிக்கும் முன் கூரையில் கட்டிய குழாயில் பாட்டுப் போட்டு ஜனங்களைக் கூப்பிட வேண்டும். குழாய்க்கு நேர் கீழே ஒரு பெஞ்சு, அதில்தான் அவர் உட்காருவது, சாப்பிடுவது எல்லாம். செட்டு வாங்கித் தொழில் ஆரம்பித்தபோது அந்தக் காலத்துத் தட்டுகளைத்தான் முதலில் வாங்கினார். ஆண் குரலோ பெண் குரலோ, எல்லாரும் மைக்கை நம்பாமல் கடைசி வரிசை ஆளுக்கே கேட்கட்டும் என்று தொண்டையைத் திறந்து பாடிய பாட்டுகள். கூட ஒரு ஆர்மோனியம் இருக்கும், ஒரு தபலா இருக்கும். எல்லா விசேஷத்திலும் அவர் முதலில் போடுவது ஒரே தட்டு. தேய்ந்து தேய்ந்து அது வெளுத்தே போயிருந்தது.

அறுபதுகள் வந்தபோது பாட்டு மாறிவிட்டது. எங்கள் அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் டீக்கடை. கடலுக்கு அக்கரையிலிருந்து பேசுகிற ஒரு ஸ்டேஷனை டீக்கடைக்காரர் நாள் முழுக்க வைத்திருப்பார். வாரத்துக்கு ஒருமுறை, நேயர்கள் அனுப்பிய கார்டுகளை வைத்து எந்தப் பாட்டு முதலிடம், எது இரண்டாமிடம் என்று சொல்வார்கள். அன்றைக்குக் கடையில் டம்ளர் வைக்கிற சத்தம்கூடக் கேட்காது. எனக்கு அந்த வரிசையின் மேலும் சந்தேகம்தான். விசாரித்துப் பார்த்தேன். டீக்கடைக்காரரே தனக்குப் பிடித்த பாட்டுக்குத் தன் வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேர் பெயரிலும் கார்டு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். அதில் செத்துப்போனவர் பெயரும் இருந்தது.

வரிசை பொய்யாக இருக்கலாம், பாட்டு பொய்யில்லை. சுவரில் காதை வைத்துக்கொண்டு நான் குழம்பைத் தீயவிட்ட நாட்கள் உண்டு. ஒரு பெண் குரல், பக்கத்தில் உட்கார்ந்து நமக்கு மட்டும் சொல்வது போலப் பாடும். மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். புல்லாங்குழல் எங்கிருந்தோ வந்துவிட்டுப் போய்விடும். அப்படி ஒரு தட்டு நம் செட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஆசையாக இருந்தது. அவரிடம் சொன்னேன்.

"அதெல்லாம் ஒரு பாட்டா? வாய்க்குள்ளயே முனகுறானுங்க. பாட்டுன்னா எட்டு ஊருக்குக் கேக்கணும்" என்றார்.

"ஊரே அதத்தாங்க கேக்குது."

"ஊருக்கு ரசனை கெட்டுப்போச்சு புள்ள."

ஊர் சும்மா இருக்குமா? ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு புதுச் செட்டு கிளம்பி வந்தது. வாரா வாரம் அக்கரை ஸ்டேஷன் சொல்லும் பாட்டு அடுத்த முகூர்த்தத்தில் அவர்கள் குழாயில் பாடும். எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கிட்டுப் போனார்கள். எங்கள் குழாய் வீட்டு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. கோழி அதற்குள் போய் முட்டையிட்டது.

ஒருமுறை ஒரு கல்யாண வீட்டார் தாங்களே ஒரு புதுத் தட்டை வாங்கிவந்து போடச் சொன்னார்கள். அவர் அதை ஓடவிட்டுவிட்டுக் கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். ஊசி ஒரு கோட்டில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தது. பந்தலே சிரிக்கிறது, இவர் பாட்டுக்குக் கலரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். யாரோ வந்து தோளைத் தட்டிய பிறகுதான் ஊசியைத் தூக்கினார். "நான் என்ன செய்யிறது? புதுப் பாட்டே அப்படித்தானே இருக்கு, சொன்னதையே சொல்லிக்கிட்டு" என்றார். எல்லாரும் இன்னும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவர் சுற்றுகிற தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்ததை நான் கவனித்தேன்.

அதோடு இன்னும் பலதையும் கவனித்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். சாப்பிடும்போது நான் பேசினால் பதில் வராது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால்தான் பதில். மனசு வேறு எங்கோ இருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். மனசு எங்கே இருக்கும்? வெளுத்துப்போன அந்தத் தட்டு மீமிசல் காலத்துத் தட்டு. கல்யாணத்துக்கு முந்திய காலம். போதாதா எனக்கு? ஒரு நாள் நேருக்கு நேர் கேட்டேன்.

"அந்தப் பாட்டு யாரு ஞாபகம்?"

அவர் சிரித்தார். "பாட்டு ஞாபகந்தான்" என்றார். சிரித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நாளில் மீமிசலிலிருந்தே ஆள் வந்தது. ஒரு மீன் வியாபாரி வீட்டில் காதுகுத்து. கொட்டகைக் காலத்துப் பழக்கம், அதனால் எங்கள் செட்டுதான் வேண்டும் என்றார்கள். அவர் போகலாமா வேண்டாமா என்று இழுத்தார். எனக்குப் பொறி தட்டியது.

"நானும் வாரேன்" என்றேன்.

"பொம்பளைக்கு அங்க என்ன வேலை?"

"கடல் பாக்கணும்."

பொய். எனக்குப் பார்க்க வேண்டியது கடல் இல்லை. பஸ் மேலே குழாயும் பேட்டரியும், உள்ளே மடியில் தட்டுப் பெட்டியோடு அவர், பக்கத்தில் நான். அறந்தாங்கியில் பஸ் மாறி மீமிசல் போய்ச் சேரும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

விசேஷ வீட்டில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது வியாபாரியின் அத்தை, வாயில் பல் இல்லை. நான் சந்தேகப்பட வேண்டிய வயதில் இருந்த யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

அவர் வழக்கம்போல அந்த வெளுத்த தட்டை வைத்தார். பாட்டு தென்னை மரத்துக் குழாயிலிருந்து கிளம்பிக் கடல்வரை போனது. நல்ல காற்று. பாட்டு பாதியில் இருக்கும்போது காய்ந்த மட்டை ஒன்று ஒயர் மேல் விழுந்தது. பாட்டு பட்டென்று நின்றுவிட்டது.

எல்லாரும் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தபடி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பாடகர் சுரத்தை நீட்டி நிறுத்தும் ஒரு இடம் உண்டு. சரியாக அந்த இடத்தில் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அப்புறம் மறுபடி தாளம். இல்லாத பாட்டு அவருக்குள் ஒரு மாத்திரை பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டு நின்றதே அவருக்குத் தெரியவில்லை.

மீன் வியாபாரி பின்னாலிருந்து வந்தார். "செட்டுக்காரரே, பாட்டு நின்னு போச்சுங்களே" என்றார். இவர் திரும்பவில்லை. "என்னங்க, ஒங்களைத்தான்!" என்று இன்னும் சத்தமாகச் சொன்னார். தாளம் நிற்கவில்லை. பந்தலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். இன்னும் ஒரு நிமிஷம் போனால் ஊருக்கே தெரிந்துவிடும். நான் எழுந்து ஓடிப்போய் அவருக்கு நேர் எதிரே நின்றேன்.

"நான்தாங்க நிறுத்தச் சொன்னேன். காது குத்துற நேரம், சத்தத்துல பிள்ளை பயந்துருமுல்ல" என்றேன்.

வியாபாரி பெட்டியைக் காட்டினார். "தட்டு சுத்துதே?"

"சும்மா சுத்தவிட்டுருக்கு. சூடு ஆறணும்."

செட்டு வைத்திருக்கிறவர்கள் சொன்னால் எதையும் நம்புகிற காலம் அது. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மரத்தைப் பார்த்தார், ஒயர் மேல் கிடந்த மட்டையைப் பார்த்தார். எழுந்து போய் ஒயரைக் கட்டினார்.

விசேஷம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கேட்டேன்.

"எவ்வளவு நாளா?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொட்டகைக் காலத்துலயே காதுக்குள்ள கொய்யுனு ஒரு சத்தம் இருக்கும். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா... தஞ்சாவூர் டாக்டர்கிட்டக் காட்டுனேன். நரம்பு போச்சுன்னுட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"செட்டுக்காரனுக்குக் காது கேக்காதுன்னா எவன் கூப்புடுவான்? ஒனக்குத் தெரிஞ்சா ஒன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கும்."

"அப்ப புதுப் பாட்டு?"

"எங்கயோ தூரத்துல மழை பேயிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

"பழசு மட்டும் கேக்குதாக்கும்?"

"அது ஊசி வைக்கிறதுக்கு முன்னாடியே கேக்க ஆரம்பிச்சுரும்" என்றார்.

அழுகை வந்தது. இன்னொருத்தி இல்லை என்ற நிம்மதியும் அதில் இருந்தது, மறைக்க மாட்டேன். அதைவிடக் கோபம் அதிகம் இருந்தது. இத்தனை வருஷம் ஊர் ரசனையைத் திட்டித் திட்டித் தன் காதுக் குறையை மூடி மறைத்திருக்கிறார். நானும் ஊரும் அவரோடு பாட்டுக்காகச் சண்டை போட்டிருக்கிறோம்.

அடுத்த வாரம் புதுக்கோட்டைக்குப் போய் ஒரு தட்டுக் கடையில் ஏறினோம். தொழில் நிலைக்க வேண்டுமானால் புதுத் தட்டு வாங்கியாக வேண்டும் என்று நான்தான் இழுத்துப் போனேன். கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் குழம்பைத் தீயவிட்ட அதே பாட்டு. சுவர் இல்லாமல் அன்றுதான் கேட்டேன். இப்படிக்கூட ஒரு மனுஷி பாட முடியுமா என்று இருந்தது. பாட்டு முடிந்ததும் அவர் என்னைப் பார்த்தார்.

"எப்படி?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அவருக்கு இனி என்றைக்கும் கிடைக்காத ஒன்றை நல்லது என்று எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்லைங்க. ஒங்க பாட்டுக்கு முன்னாடி நிக்காது" என்றேன்.

"பின்ன ஏன் ஒன் கால் அந்தப் போடு போட்டுச்சு?"

குனிந்து பார்த்தேன். கால் நின்றிருந்தது, ஆனால் கட்டைவிரல் இன்னும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஒனக்கு மட்டுந்தான் போலீஸ் புத்தியா? பொய் சொல்லாத. பாட்டு முழுக்க நான் ஒன் காலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். கடைக்காரரிடம் திரும்பி, "இதக் கட்டுங்க" என்றார்.

அப்புறம் செட்டு போகிற இடமெல்லாம் நானும் போனேன். ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். புருஷனைச் சந்தேகப்பட்டுக் கூடவே அலைகிறாள் என்றார்கள். ஊரில் எனக்கிருந்த பெயருக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது, நானும் மறுக்கவில்லை. பெண்கள் பக்கம் ஓரமாக, பாயைத் தாண்டிக் கால் வெளியே தெரியும்படி உட்காருவேன். பாட்டு ஓடினால் கால் ஆடும். ஊசி மாட்டினாலோ குழாய் நின்றாலோ கால் நின்றுவிடும். அவர் எழுந்து கவனிப்பார். அங்கிட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராக இங்கிட்டுத் திரும்பி வந்தார்கள். செட்டுக்காரருக்கு ரசனை திரும்பிவிட்டது என்று டீக்கடைக்காரர் எல்லாரிடமும் சொன்னார்.

ஒரு கல்யாணத்தில் வீட்டார் கேட்டுப் போடச் சொன்ன ஒரு புதுப் பாட்டு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வெறும் இரைச்சல். என்னை அறியாமல் காலை இழுத்து மடக்கிக்கொண்டேன். அவ்வளவுதான், அவர் பதறி எழுந்து, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த குழாயைப் பார்க்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார். ஒயரைத் தடவிப் பார்த்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். பந்தலில் இருந்தவர்கள் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார்கள். நான் அவசரமாகக் காலை நீட்டி ஆட்டினேன். அவர் தூரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டு, மெல்ல நடந்து வந்து மறுபடி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எந்தப் பாட்டு வந்தாலும் நான் காலை நிறுத்தவில்லை. நல்ல பாட்டுக்கும் ஆட்டினேன், நாராசத்துக்கும் ஆட்டினேன். அந்தக் காலத்துப் பாட்டு நல்லதா, இந்தக் காலத்துப் பாட்டு நல்லதா என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். அதைச் சொல்லும் உரிமையை நான் அவருக்காக விட்டுக்கொடுத்து ரொம்ப நாளாகிறது.