மூச்சடக்கிக் கெடுத்த கண்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான் பெற்றது மூன்று, செத்துப்போன தங்கை விட்டுப்போனது இரண்டு. நெம்மேலிக் குப்பத்திலிருந்து மீன்கூடையோடு பஸ் ஏறிச் செங்கல்பட்டு வரை விற்றவள் நான். எதற்கும் அழுது நின்றதில்லை.

வலது கண்ணில் புரை விழுந்தது. மீனின் செவுளைப் பிரித்துப் பார்த்தால் சிவப்பா கறுப்பா என்று தெரியவில்லை. செங்கல்பட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். டாக்டரம்மாவுக்கு என் கடைசி மகளைவிட வயது குறைவு.

"ஆடக் கூடாது ஆயா. இருமல் வந்தா முன்னாடியே சொல்லுங்க" என்றார்.

"நான் ஆடவே மாட்டேன்" என்றேன்.

முகத்தைத் துணியால் மூடினார்கள். வலியில்லை. ஆனால் பெரிய வெளிச்சம் ஒன்று கண்மேல் வந்து நின்றது. பயந்துவிட்டேன். கனமான கூடையைத் தலைக்கு ஏற்றும்போது நாங்கள் மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, வயிற்றை இறுக்குவோம். அப்போதுதான் கழுத்து ஆடாது. அதையே செய்தேன். உடம்பு கட்டைபோல் கிடந்தது. எனக்கே பெருமை.

"மூச்சு விடுங்க ஆயா, முக்காதீங்க."

விட்டேன். கொஞ்ச நேரத்தில் என்னை அறியாமல் மறுபடி பிடித்துக்கொண்டேன்.

"ஆயா! மூச்ச விடுங்கன்னு சொல்றேன்ல!"

நர்ஸ் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ கெட்டுவிட்டது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

எல்லாம் முடிந்து துணியை எடுத்தபின் டாக்டரம்மா சொன்னார்: "லென்ஸ் உட்கார்ற பை கிழிஞ்சிடுச்சு. உள்ள இருந்த பசை முன்னாடி வந்துச்சு, சுத்தம் பண்ணிட்டேன். புரையில ஒரு துண்டு பின்னாடி விழுந்துடுச்சு. இன்னிக்கு லென்ஸ் வைக்கல, இன்னொரு ஆப்பரேஷன் வேணும். இது யாருக்கு வேணா ஆகும். நீங்க முக்கினதும் ஒரு காரணம்."

வீடு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்றாள். "இன்னாக்கா, கண்ண தொறக்கப் போயி மூடிக்கினு வந்துகீற?"

"அந்த டாக்டர் பொண்ணுக்குக் கை நடுங்கிச்சுடி" என்றேன். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

இரண்டாம் ஆப்பரேஷனில் லென்ஸ் வைத்தார்கள். இப்போது பாதிப் பார்வை. டாக்டரம்மா ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரிக்கு இரண்டு கண்ணிலும் புரை. நான் சொன்னதைக் கேட்டபின் ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டேன் என்கிறாள். நேற்று தன் வீட்டுப் படியிலேயே தடுக்கி விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். நான்தான் மஞ்சள் வைத்து அழுத்தினேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நா எழவில்லை.

அதனால்தான் இதை எழுதினேன். தாளில் கோடு எங்கே போகிறது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பேத்தியைக் கூப்பிட்டேன்.

"பாப்பா, இத மொதல்ல எனக்குப் படிச்சிக் காட்டு. ஒரு எழுத்தும் வுடாத. அப்பால பக்கத்து வூட்டாண்ட போயி, அவளுக்குப் படி."