அறுபத்து நாலுக்குப் பிறகு எண்பத்தொன்று

சூடான பசையின் வாசனை... லேசாகக் கருகினது போல, லேசாக இனிப்பது போல.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பதிப்பகத்தின் பின்பக்கக் கூடத்தில்தான் பைண்டிங் நடந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் என் துப்பட்டா, டிபன் பை, தலைமுடி எல்லாவற்றிலும் அந்த வாசனை இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

பதினாறு பக்கங்கள் கொண்ட ஒரு மடிப்பைப் பாரம் என்போம். பாரங்களை வரிசையாக அடுக்கி, முதுகில் பசை தடவி, அட்டை ஒட்டினால் புத்தகம். மொத்தத்தையும் ஒட்டுவதற்கு முன், பைண்டிங் பார்க்கும் செல்வி அக்கா ஒரே ஒரு பிரதியை என் மேஜைக்கு அனுப்புவார். பக்க எண்களை முதலிலிருந்து கடைசிவரை எண்ணிவிட்டு நான் கையெழுத்துப் போட வேண்டும்.

எண்ணினால் போதும். படிக்க வேண்டாம்.

அந்த வருடம் மேரி ஆன்ட்டியின் புத்தகம் வந்தது. ஆவடி குவார்ட்டர்ஸில் முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர். கணவர் டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸ் வாழ்க்கையைப் பற்றி ஆன்ட்டி ரூல்டு நோட்டில் எழுதிக் கொண்டுவந்தார். அத்தியாயங்களுக்குத் தலைப்பு கிடையாது, பொருளடக்கமும் வேண்டாம் என்றார்.

அதில் ஒரு அத்தியாயம்... ஒரு சண்டைக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணனூரில் அம்மா வீட்டில் போய் இருந்த மூன்று மாதங்கள். கணவரைத் திட்டி ஒரு வரிகூட இல்லை. அவர் ஒருநாளும் வந்து கூப்பிடவில்லை என்பது மட்டும் இருந்தது.

அதை எடுத்துவிடலாம் என்றார் ஆன்ட்டி. வெளியீட்டு விழாவில் கணவர் முன் வரிசையில் உட்காருவார், ஊரே படிக்கும் என்றார். நான்தான் விடவில்லை. புத்தகத்திலேயே நல்ல பகுதி அதுதான் என்று மூன்று முறை போன் போட்டு வாதாடினேன். கடைசியில், "சரி பாப்பா, உன் இஷ்டம்" என்றார்.

மாதிரிப் பிரதி வந்தது. கையெழுத்துப் போட்டேன். முந்நூறு பிரதிகளும் தயாராகிவிட்டன.

விழா ஞாயிற்றுக்கிழமை, கரையான்சாவடி பக்கம் ஒரு சர்ச் ஹாலில். வியாழக்கிழமை மத்தியானம் செல்வி அக்கா என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மேடம், அஞ்சாம் பாரம் மொத்தமும் என் டேபிளுக்கு அடியிலயே கீது."

புத்தகத்தைப் பிரித்தேன். அறுபத்து நாலாம் பக்கத்துக்குப் பிறகு எண்பத்தொன்று. காணாமல் போன பதினாறு பக்கங்களும் அண்ணனூர் அத்தியாயம்தான், முழுசாக. முந்தையது அறுபத்து நாலில் முடிகிறது, அடுத்தது எண்பத்தொன்றில் தொடங்குகிறது. எந்த வாக்கியமும் அறுபடவில்லை. ஐந்து முறை மெய்ப்புப் பார்த்த புத்தகம் எனக்கு மனப்பாடம். இல்லாத பக்கங்களையும் மனசே படித்துக்கொண்டு போயிருக்கிறது.

"நான் எண்ணச் சொன்னேன். நீ பட்ச்சிகினு இருந்துக்கீற," என்றார் அக்கா. கோபமாகக்கூட இல்லை. அதுதான் வலித்தது.

யாருக்கும் தெரியப்போவதில்லை, அப்படியே போகட்டும் என்றார் முதலாளி. நான் ஆன்ட்டிக்கு போன் செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்து வந்துவிட்டார். உட்காரும் முன்னாலேயே கேட்டார்.

"நீயே எடுத்துட்டியா பாப்பா?"

"இல்ல ஆன்ட்டி. என் தப்பு. எண்ணாம கையெழுத்து போட்டுட்டேன்."

அட்டை உபரியாக இருந்தது. விழாவுக்குத் தேவையான அறுபது பிரதிகளையாவது பிரித்துப் பாரத்தைச் சேர்த்து மறுபடி ஒட்டலாம், ஓரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் என்று செல்வி அக்கா சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன்.

ஆன்ட்டி மெதுவாக, "இப்படியே விட்டா அவருக்குத் தெரியாமலே போயிடும், இல்ல?" என்றார்.

என்னிடம் நூறு வாதங்கள் இருந்தன. இந்த முறை ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அந்த வருடம் நான் சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

தைக்காத, ஒட்டாத அந்தப் பதினாறு பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு படித்தார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முழுசாக. முடித்ததும் மடிப்பை நீவி என் மேஜைமேல் வைத்தார்.

"சேத்துடு பாப்பா. அன்னிக்கு நீ சொன்னேன்னு வெச்சேன். இன்னிக்கு நான் சொல்றேன்."

சனிக்கிழமை முழுக்கச் செல்வி அக்காவும் நானும் அட்டை பிரித்தோம். பசையைத் தொட அக்கா என்னை விடவில்லை, பாரத்தை வைக்க மட்டும்தான் விட்டார். ஒவ்வொரு பிரதியையும் சத்தமாக எண்ணிக் காட்டச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் யாரோ பேசிக்கொண்டிருக்க, முன் வரிசையில் அங்கிள் புத்தகத்தைப் படித்துக்கொண்டே இருந்தார். ஆன்ட்டி மேடையிலிருந்து அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். டீ கொடுக்கும்போது அங்கிள் என்னைத் தேடி வந்தார். விரல் இன்னும் அந்தப் பக்கத்துக்குள் இருந்தது.

"மூணு மாசம்னு போட்டிருக்கம்மா. நாலு மாசம். நான்தான எண்ணிக்கிட்டு இருந்தேன்."

ஆன்ட்டி அவர் பின்னால்தான் நின்றிருந்தார். கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

இரண்டாம் அச்சுக்கு முன் ஆன்ட்டியிடம் கேட்டேன், திருத்தலாமா என்று. சிரித்தார். "அவருக்கு நாலா இருந்திருக்கும். எனக்கு மூணுதான்." அப்படியே விட்டுவிட்டோம்.

இப்போது பின்கூடத்தில் பைண்டிங் இல்லை. பிடிஎஃப் அனுப்பினால் புத்தகமாக வருகிறது, ஒரு பக்கமும் தவறுவதில்லை. என் வேலையும் எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் இன்றும் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுதான் பக்கம் எண்ணுகிறேன்... படிக்க முடியாதபடி.

ஆனால் பாரங்கள் போன பிறகு, ஒரு அத்தியாயம் காணாமல் போவது ரொம்பச் சுலபமாகிவிட்டது. போன வாரம் புத்தகம் எழுதிக் கொடுத்திருந்த ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பினார். ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள், வீட்டில் பிரச்சினை வரும். கீழே கைகூப்பும் எமோஜி.

ஒரு பட்டனைத் தட்டினால் போய்விடும். நான் தட்டவில்லை. வாதாடவும் இல்லை.

அந்தப் பக்கங்களைத் தாளில் எடுத்து வைத்திருக்கிறேன், ஒருநாள் வந்து உட்கார்ந்து படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன். இரண்டு நாள் சத்தமே இல்லை.

இன்று காலை, எஸ்டேட்டில் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.