காரணம் தெரியாமல் ஏறிய விமானம்

ஊரப்பாக்கத்தில் காலை வேளையில் பூங்காவைச் சுற்றி நடக்கிறவர்கள் நாங்கள் ஒன்பது பேர். எண்ணாமல் நான் எதையும் விடமாட்டேன். இட்லியைக்கூட எண்ணித்தான் தட்டில் வாங்குகிறேன் என்று வீட்டில் புகார் உண்டு. போன வாரம் மூன்றாவது சுற்றில், வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் கைப்பேசியை நீட்டினார். எங்கோ ஒரு சிறிய ஜெட் விமானம் விழுந்துவிட்டது. படத்தில் புகைகூட அடங்கவில்லை. அதற்குள் அவர் உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டி, "பைலட் மிஸ்டேக் சார்" என்று கேஸை முடித்துவிட்டார்.

எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. மருத்துவர் கூடாது என்று சொன்ன சூடு.

சாய்ந்த உள்ளங்கை என்றால் எனக்கு கேப்டன் ராகவன்தான். விமானம் ஓட்டுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்களுக்குக் கையில்லாமல் பேச வராது. ஒரு கை விமானம், இன்னொரு கை தரை. மெக்கானிக்குகள் அப்படியில்லை. விரல் நுனியை இன்னொரு விரலால் திருகிக்கொண்டே பேசுவார்கள், இல்லாத திருகாணியை இறுக்குவதுபோல.

தொண்ணூறுகளில் மீனம்பாக்கத்தில் ஒரு தனியார் கம்பெனியில் இருந்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எட்டுப் பேர் உட்காரும் குட்டி ஜெட் ஒன்றே ஒன்று. ஓட்டுகிறவர் ராகவன். கழற்றிப் பூட்டுகிறவர் ஏழுமலை, செய்யூர்க்காரர். சரிபார்த்து, இது பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவன் நான். ஆனால் அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் அதில் பறந்ததில்லை. மொட்டை மாடிக்கே கைப்பிடியை விடாமல் ஏறுகிற ஆள் நான்.

எங்கள் விமானத்துக்கு அச்சு அசலாக இன்னொன்று வேறோர் ஊரில், வேறொரு கம்பெனியில் இருந்தது. ஒரு வியாழக்கிழமை அது கிளம்பிய கையோடு வலப்பக்கம் சாய்ந்து விழுந்தது. உள்ளே இருந்த நான்கு பேரும் போய்விட்டார்கள். ஓட்டிய தாமஸ், ராகவனோடு ஒரே அறையில் தங்கிப் பறக்கப் படித்தவர்.

எங்கள் விமானத்தை நிறுத்திவைத்தார்கள். ஏழுமலையும் நானும் இறக்கைகளைத் திறந்து, உள்ளே ஓடுகிற கம்பிகளையும் உருளைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கழற்றிய திருகாணிகளை எண்ணி, பூட்டும்போது மறுபடி எண்ணினோம். ஒரு கோளாறும் இல்லை. கண்ணில் பட்டது ஒரு செத்த கரப்பான்பூச்சி மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேனை எடுத்துக்கொண்டு மாமல்லபுரத்துப் பக்கம் போனோம். அங்கே மீனவர் குப்பத்தை ஒட்டி கன்னியம்மா என்பவர் மீன் வறுத்து விற்பார். அது எங்கள் மாதாந்திர வழக்கம். அன்றைக்கு நான்கு பேர் போயிருந்தோம். நாங்கள் மூவரும், கூட ஓட்டுகிற இளைஞர் விஜயும். மிளகாயும் எண்ணெயும் காய்கிற வாசனை இன்றும் எங்கு வந்தாலும் எனக்கு அந்தச் சண்டைதான் நினைவுக்கு வரும்.

ராகவன் தட்டின்மேல் கையைச் சாய்த்தார். "தாமஸ் இடதுபக்கம் திருப்பித்தான் இருப்பான். இறக்கை கேக்கலை. எவனோ கம்பியைச் சரியாப் பூட்டலை."

ஏழுமலைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா கேப்டன் சாரு! வேகம் பத்தாம தூக்கினா எந்தக் கம்பி இன்னா பண்ணும்? சும்மா எங்க தலையில வைக்காத."

"நேத்து வரைக்கும் தாமஸ் யாருன்னே தெரியாது உனக்கு."

"பூட்டுனவனை மட்டும் உனுக்குத் தெரிஞ்சா பேசற?"

கன்னியம்மா கரண்டியோடு திரும்பினார். "யோவ், துன்னுட்டு சண்டை போடுங்கய்யா. மீனு ஆறிப்போவுது."

யாரும் தின்னவில்லை. எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. ராகவனுக்கு அது மெக்கானிக்கின் தப்பாக இருந்தாக வேண்டும். ஏழுமலைக்கு அது பைலட்டின் தப்பாக இருந்தாக வேண்டும். அப்படி இருந்தால்தான் மறுநாள் காலையில் அவரவர் வேலைக்கு நிம்மதியாகப் போகமுடியும்.

"அடிச்சுக்காதீங்க. நம்ம பிளேன்ல ஒரு கோளாறும் இல்லை சார், நாளைக்கு எடுக்கலாம்" என்றேன்.

ராகவன் என்னைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "அதான் சார் பயமா இருக்கு. ஏதாவது இருந்துச்சுன்னு சொல்லுங்க, சரிபண்ணிட்டோம்னு சொல்லுங்க, இப்பவே ஏறுறேன். ஒண்ணுமே இல்லைன்னா அவன் எதனால செத்தான்? நான் எடுக்கலை. நீங்க கையெழுத்துப் போடுவீங்க. உக்காந்து வருவீங்களா?"

துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள், சுத்தமான கோபம். "வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஏழுமலை சிரித்துவிட்டார். "நீயா? ஏணிய யாராச்சும் புட்சிகினாதான் நாலு படி ஏறுவ, நீ போறியா?" அப்புறம் சிரிப்பை நிறுத்தி, கையைத் தண்ணீரில் அலசினார். "பூட்டுனது நானு, பாத்தது நீ. நானும் வரேன் சாரு."

அப்போது அவர் மனைவிக்கு ஏழாவது மாதம். வேண்டாம் என்றேன். காதில் வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை நால்வருமாகக் கிளம்பினோம். ஓடுபாதையில் வேகம் கூடியபோது ஜன்னலைச் சுற்றி இருந்த திருகாணிகளை எண்ண ஆரம்பித்தேன். பதினொன்றுக்குமேல் மனசு நிற்கவில்லை. தரை விலகியது. தாமஸின் விமானம் சாய்ந்த உயரம் எப்போது வந்தது, எப்போது போனது, தெரியாது. நான் ராகவனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சனி ஞாயிறு முழுக்கப் பேச்சில் தாமஸின் விமானமாக விழுந்துகொண்டே இருந்த அந்தக் கைகள் அசையாமல் இருந்தன.

கடற்கரையோரமாகத் தெற்கே போனோம். ஏழுமலை ஜன்னலில் மூக்கை வைத்து, "சாரு, தோ! கன்னியம்மா கடை!" என்று கத்தினார். எனக்கு ஒரு நீலத் தார்ப்பாய் தெரிந்தது.

மாமல்லபுரம் தாண்டியதும் ராகவன் திரும்பாமலே சொன்னார்: "வலதுபக்கம் சாய்க்கப்போறேன். நல்லாவே சாய்க்கப்போறேன்."

சாய்த்தார். ஜன்னல் முழுக்கக் கடல். ஏழுமலை என் முழங்கையைப் பிடித்த இடம் ஒரு வாரம் கன்றியிருந்தது.

"வாடா" என்றார் ராகவன், விமானத்தைத்தான். இறக்கை எழுந்து நேரானது. இன்னொரு முறை சாய்த்தார், இன்னும் ஆழமாக. மறுபடி நேரானது. அவர் தோள்கள் குலுங்கின. விஜய் பார்வையை வெளியே திருப்பிக்கொண்டார். நாங்களும்தான்.

இறங்கியதும் ஒரே வார்த்தை: "நாளைக்குக் காலைல ரெடியா வைங்க."

அந்த விபத்துக்குக் காரணம் என்ன என்று எங்களுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அது தெரியாமலேதான் அந்த விமானத்தில் வருடக்கணக்காக வேலை பார்த்தோம்.

கன்னியம்மா கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு விடுதியின் மதில். ராகவன் கேளம்பாக்கத்துக் குடியிருப்பில், தன் கட்டிலில், தூக்கத்தில் போனார். ஏழுமலை செய்யூரில் வேர்க்கடலை போடுகிறார். பூங்காவிலிருந்து திரும்பியதும் அவருக்குப் போன் செய்தேன்.

"பைலட் தப்பாம், ஏழுமலை."

"எவன் சொன்னது? அடுத்த பிளேன்ல ஏறிக் குந்தப்போறவனா?"

மறுநாள் காலை, வங்கி நண்பர் என்னையும் கேட்டார், நீங்கள் அந்த வேலையில் இருந்தவராயிற்றே, என்ன காரணம் என்று. தெரியாது என்றேன். பாவம், வயசாகிவிட்டது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

முகத்துக்கு நேராகச் சண்டை போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காரும் ஆட்கள் அந்த ஒன்பது பேரில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். என்னையும் சேர்த்தே எண்ணிக்கை ஒன்றைத் தாண்டவில்லை. மிச்சமிருந்த இரண்டு சுற்றையும் தனியாகவே நடந்து முடித்தேன்.