டிரைவர் அண்ணன் தூங்கும் நேரம்

எங்கள் கட்டிடத்தில் எல்லாமே வாடகை வீடுகள்தான். இரண்டாம் மாடியில் என் வீட்டுக்கு எதிர்வாசல் தையல் அக்காவுடையது. இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான் நிற்கலாம். அவர் குப்பைக்கூடையை வெளியே எடுத்து வைத்தால் நான் செருப்பை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷமும் அப்படி ஒருவருக்கொருவர் ஒதுங்கிக் கொடுத்தே ஓடிவிட்டது.

தெரியாதவர்கள் அக்காவைத் திமிர் பிடித்தவர் என்பார்கள். படியில் யாராவது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார். திமிர் இல்லை, வாயில் குண்டூசி. துணியில் குத்தியதுபோக மீதியை உதட்டில் கவ்விக்கொண்டே எழுந்து வந்துவிடுவார். எடுத்து வைக்க நினைவு இருக்காது. முதல் தடவை அதைப் பார்த்து நான் பதறிவிட்டேன்.

"ஐயோ, முழுங்கிடப் போறீங்கக்கா!"

ஊசிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து வைத்துவிட்டு, "முழுங்கினா என்ன, வயித்துக்குள்ளயே ரெண்டு தையல் போட்டுக்கிட்டாப் போச்சு" என்றார்.

கணவர் போன பிறகு அந்த ஒரு மெஷினை வைத்துத்தான் மகளை வளர்த்தார். அவள் இப்போது நர்ஸ் படிப்பு படிக்கிறாள். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். வீட்டின் முன் அறையில் நாற்காலிகூடக் கிடையாது. மோட்டார் வைத்த மெஷின் ஜன்னலோரம் இருக்கும். சுவரோரமெல்லாம் துணிப்பைகள். நடுத்தரையைக் காலியாக வைத்திருப்பார், துணியை விரித்து வெட்டுவதற்கு. அளவு கொடுக்க வருகிறவர்கள் நின்றுகொண்டே ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். எல்லாரும் இந்தத் தெருக்காரர்கள்தான்.

அக்காவுக்கு நேர் கீழே, முதல் மாடியில், பஸ் டிரைவர் ஒருவர் மனைவியோடு குடிவந்தார். விடியும் முன்பே முதல் வண்டி எடுக்கப் போய்விடுவார். மத்தியானம் திரும்பி வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். கொஞ்ச நாளில் ஹவுஸ் ஓனர் அக்காவுக்குப் போன் செய்தார். "கீழ் வீட்டுக்காரர் மத்தியானம் தூங்கறவரு. மேல சத்தமா இருக்காம். கொஞ்சம் பாத்து நடந்துக்குங்க." அவ்வளவுதான் சொன்னார். என்ன சத்தம் என்று அவரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. தையல்காரி வீட்டில் வேறு என்ன சத்தம் இருக்கப்போகிறது?

மறுநாளிலிருந்து டிரைவர் படியேறும் ஓசை கேட்டதும் அக்கா மோட்டாரை அணைத்துவிடுவார். தைக்கிற வேலை முழுவதையும் காலைக்கு மாற்றிக்கொண்டார். வெட்டுகிற வேலையையெல்லாம் மத்தியானத்துக்குத் தள்ளினார். நான் ஓர் ஆபீசில் கூட்டித் துடைக்கிற வேலையை முடித்துவிட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். கதவு வழியாகப் பார்ப்பேன். முட்டி போட்டுத் தரையில் குனிந்து வெட்டிக்கொண்டிருப்பார். கால் மரத்துப் போனால்கூடத் தடதடவென்று எழுந்திருக்க மாட்டார், சுவரைப் பிடித்து மெதுவாக எழுவார். முன்பின் பேசிப் பழகாத ஒருவருடைய தூக்கத்துக்காக இப்படித் தன் பிழைப்பையே திருப்பிப் போட்டுக்கொண்டாரே என்று, ஒருநாள் சாமி கும்பிடும்போது அவருக்காகவும் ரெண்டு வார்த்தை சொன்னேன்.

ஆனால் கீழே முகங்கள் மாறிக்கொண்டே வந்தன. டிரைவரின் மனைவி அக்காவைப் படியில் பார்த்தால் சுவரைப் பார்த்தார். பிறகு ஒருநாள் ஓனரே மூச்சு வாங்க இரண்டு மாடி ஏறி வந்து நின்றார்.

"சொல்லியும் கேக்கலைன்னா எப்படிங்க? முன்னாடியாவது கொஞ்சம்தான் இருந்துச்சாம், இப்ப ரொம்பவாம். அந்த மனுஷன் தூங்காம பஸ் ஓட்டி எவன் மேலயாவது ஏத்தினா யாரு பதில் சொல்றது? இந்த மாசத்தோட வேற இடம் பாத்துக்குங்க."

அக்கா வாயில் ஊசி. கையைக் காட்டி, பொறுங்கள் என்று சைகை செய்தார்.

"பாத்தீங்களா, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றாங்களா!" என்று என்னிடம் முறையிட்டுவிட்டு இறங்கிவிட்டார். அக்கா கடைசி ஊசியை எடுப்பதற்குள் அவர் தெருவுக்கே போய்விட்டார்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "மெஷினையே நிறுத்திட்டேனேம்மா. இன்னும் எதை நிறுத்தணும், மூச்சையா? நாலு தெரு தள்ளிப் போனா யாரு துணியத் தூக்கிக்கிட்டு என்னைத் தேடி வருவாங்க? பொண்ணுக்குப் படிப்பு முடிய இன்னும் எவ்வளவோ இருக்கு." சொல்லிக்கொண்டே துணிப்பைகளை மூட்டையாகக் கட்ட ஆரம்பித்தார்.

நான் சண்டை சச்சரவுக்குப் பயந்தவள். படிப்பும் அதிகம் இல்லை, நாலு பேர் முன்னால் பேச வராது. அன்று சாமியிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. கீழே போய்க் கதவைத் தட்டத் தைரியம் கொடு என்று மட்டும் கேட்டேன். மறுநாள் டிரைவர் சாப்பிட்டுக் கைகழுவும் நேரம் பார்த்துத் தட்டினேன். அவர் மனைவிதான் திறந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. மேல அக்கா நீங்க தூங்கறப்ப மெஷினே ஓட்டறதில்ல. நான் கண்ணால பாக்கறேன்."

டிரைவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மெஷினா? மெஷினைப் பத்தி யாரு சொன்னா? அது ஓடினவரைக்கும்தான் நான் தூங்கினேன்! காலம் பூரா என்ஜின் பக்கத்துலயே உக்காந்தவன்மா நான். அந்த உறுமல் கேட்டா அப்படியே கண்ண மூடிடுவேன்."

"இந்த மனுஷன் பஸ்ஸுல தூங்காம இருக்காரே, அதுக்கே நான் தினமும் கும்பிடறேன்" என்றார் மனைவி.

"நீ சும்மா இரு. இப்ப அந்த உறுமலும் போச்சு. டக்கு டக்குன்னு தலைமாட்டுல யாரோ ஆணி அடிக்கறாங்க. முன்னாடி எப்பவாவது கேக்கும். இப்ப படுத்ததுலேர்ந்து எழுந்திரிக்கற வரைக்கும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரைப் படுக்கச் சொல்லிவிட்டுப் படியில் பாதி ஏறி நின்றுகொண்டேன். "அக்கா, எந்தச் சத்தம்னு பாக்கணும், ஒவ்வொரு வேலையா செய்யுங்க!" என்று மேலே குரல் கொடுத்தேன். அக்கா நடந்தார்.

"இது இல்ல" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

பெட்டியை இழுத்தார்.

"இதுவும் இல்ல."

மெஷினை ஓட்டினார்.

"ஆங், இது ஓடட்டும். நிறுத்த வேணாம்!"

மெஷினை நிறுத்திவிட்டுத் துணியை விரித்துக் கத்தரியால் வெட்ட ஆரம்பித்தார்.

"அதான்! அதான்!" டிரைவர் கட்டிலிலிருந்து குதித்தே விட்டார்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். கனமான இரும்புக் கத்தரி. தரையில் வைத்து வெட்டும்போது அதன் கீழ் அலகு தரையோடு ஊர்ந்துபோகும். ஒவ்வொரு கடிக்கும் ஒருமுறை தரையைத் தட்டும். இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டு அக்காவின் காதுக்கு அது சத்தமாகவே படவில்லை. எனக்கும்தான். சத்தமில்லாத வேலை என்று நினைத்து அக்கா அதைப் பொறுக்கியெடுத்து, டிரைவர் தூங்குகிற நேரத்தில், அவர் தலைக்கு நேர் மேலே வைத்திருந்தார்.

அக்கா கத்தரியைக் கையில் பிடித்தபடியே கீழே இறங்கினார். வாயில் ஊசி இல்லை. "அண்ணே, உங்களுக்குத் தொந்தரவு வேணாம்னுதான் வெட்டற வேலையெல்லாம் மத்தியானத்துக்கு மாத்தினேன்" என்றார்.

டிரைவர் கத்தரியைப் பார்த்தார். "எனக்காகவா வெட்டினீங்க?" பிறகு தலையைச் சொறிந்துகொண்டார். "மேல ஏறி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன் கையிலயே இருந்துச்சு, ஓனர்கிட்ட சொல்லிட்டேன்."

"சொன்னவரே மறுபடியும் சொல்லுங்க" என்று மனைவி அந்தப் போனை எடுத்து அவர் கையில் திணித்தார்.

ஓனரின் குரல் எங்களுக்கே கேட்டது. "நீங்கதானேய்யா காலி பண்ணச் சொன்னீங்க?"

"இப்ப இருக்கச் சொல்றேன் சார். அவங்க போய்ட்டா எனக்குத் தூக்கமே வராது."

"நல்லா இருக்குய்யா உங்க நியாயம்! இருக்கட்டும், இருக்கட்டும். இனிமே உங்களுக்குள்ளயே பேசிக்குங்க. என்னை ரெண்டு மாடி ஏற வைக்காதீங்க, முட்டி போயிடுச்சு."

அக்கா சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனிமேல் வெட்டுவது காலையில், தைப்பது மத்தியானத்தில் என்று அங்கேயே பேசி முடித்தோம்.

மேலே போய் மூட்டைகளை அவிழ்த்தோம். அவிழ்த்த துணியோடு அக்கா மெஷினில் உட்கார்ந்தார். பயம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது, ஒரு சாண் தைத்துவிட்டு நிறுத்திக் கீழே காது கொடுப்பார், மறுபடி ஒரு சாண் தைப்பார். நான் சத்தமில்லாமல் படியிறங்கி டிரைவர் வீட்டுக் கதவருகே நின்று கேட்டேன். குறட்டை படிக்கட்டு வரைக்கும் வந்துகொண்டிருந்தது. மேலே மெஷின் நின்றது. குறட்டையும் தடுமாறியது.

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன்.

"நிறுத்தாதீங்கக்கா! முழிச்சுக்கப் போறாரு!"