சிதம்பரத்தில் மட்டும் நிற்கும் வண்டி

என் சட்டைப் பையில் ஒரு பொம்மைக் கட்டை கிடக்கிறது. மஞ்சள் நிறம், மேலே நான்கு குமிழ், அடியில் நான் சுற்றிவைத்த செப்புத் தகடு. குழந்தைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி வீடு கட்டுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் கட்டைதான். என் சம்பந்தி தவறிய பிறகு அவர் சட்டையை மடிக்கும்போது பையிலிருந்து எடுத்து என் மகள் என்னிடம் கொடுத்தாள். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுகிற நாளில் பர்ஸை மறந்தாலும் மறப்பேனே தவிர, இதை மறப்பதில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் திருவந்திபுரத்திலிருந்து பண்ருட்டி வரைக்கும் திருவிழா என்றால் ஓடுகிற விளக்கு என்னுடையதாகத்தான் இருக்கும். மயில் தோகை விரிக்கும், யானை தும்பிக்கை தூக்கும், எல்லாம் வெறும் பல்புகள். செப்புப் பட்டை அடித்த மர உருளை ஒன்றை மோட்டார் சுற்றும். பட்டை தொடுகிற வரிசை எரியும், விட்ட வரிசை அணையும். அந்த உருளையை நானே யோசித்துச் செதுக்கினேன். இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். என் பெருமையை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யாரும் சொல்லக் காணோமே, அதனால் சொல்கிறேன். சம்பந்தி இதற்கு நேர்மாறு. இந்தக் கடலூர்-சிதம்பரம் ரயில் தடத்துச் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு அளந்துதான் வரும். சம்பந்தியம்மாள் போனபின் அதுவும் குறைந்துபோயிற்று. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. சிதம்பரத்து வீட்டில் என் மகளும் பேத்தியும் இவரும்தான்.

மாப்பிள்ளை ஒருமுறை பேத்திக்கென்று கட்டை ரயில் கொண்டுவந்தார். தண்டவாளத்திலேயே கரண்டு ஓடுகிற பழைய ரகம், இரண்டு வண்டி. பேத்தி ஒரு வாரத்தில் அதை மறந்துவிட்டாள். நாங்கள் மறக்கவில்லை. பந்தல் மேடைப் பலகைகளை நான் வேனில் ஏற்றிக்கொண்டுபோய் மாடி அறையின் சுவரோரமாகப் போட்டேன். ஒரு மூலையில் கடலூர், எதிர் மூலையில் சிதம்பரம், ஸ்டேஷனில் மட்டும் இரண்டு லைன், நடுவே ஒற்றைத் தண்டவாளம். நாலு கோபுரமும் நான் கட்டினேன். வெள்ளாற்றுப் பாலத்தை அவர் கட்டினார்; தூண் இடைவெளி சரியில்லை என்று இரண்டு தடவை பிரித்துக் கட்டினார். பிறகு ஒரு மஞ்சள் கட்டையை எடுத்து நடுவில் வைத்தார்.

"சம்பந்தி, இது யார் கையில இருக்கோ அவுங்கதான் வண்டி எடுக்கணும். ஒத்த லைன்ல ரெண்டு வண்டி ஆகாது."

"ஒரே ரூம்புலதான உக்காந்திருக்கோம். வண்டி எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியுதே."

"கண்ணு ஏமாத்தும் சம்பந்தி. கட்டை ஏமாத்தாது."

என் வண்டி சிதம்பரம் போய்ச் சேர்ந்ததும் எழுந்து நடந்துபோய் அவர் கையில் கட்டையைக் கொடுப்பேன். அவர் வாங்கி, வண்டியை ஒருதரம் பார்த்து, அப்புறம்தான் சுவிட்சைத் தட்டுவார். மாதக்கணக்கில் இப்படியே ஓடிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. யானையையே தானாக ஆட்டியவன், ஒரு பொம்மை ரயிலுக்கு எழுந்து நடப்பதா?

சின்ன உருளை ஒன்று செய்து மாட்டினேன். இந்த வண்டி போகும், நிற்கும், அந்த வண்டி கிளம்பும். அவர் கைகட்டிப் பார்த்துவிட்டு, "உங்க உருளைக்கு நேரம் தெரியுது. வண்டி வந்துச்சா இல்லியான்னு தெரியாது" என்றார். இரண்டே நாளில் சக்கரத்தில் அழுக்கேறி ஒரு வண்டி மெதுவாக ஊர்ந்தது. உருளை தன் பாட்டுக்கு மற்றதை எடுத்துவிட்டது. வெள்ளாற்றுப் பாலத்தில் இரண்டும் மோதிக் கட்டை கட்டையாகச் சிதறின. "இதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்க" என்று சம்பந்தி சிரித்தார். சம்பந்தியம்மாள் போனபின் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விடுகிற ஆளா நான்? வண்டிக்கு அடியில் காந்தம் ஒட்டினேன். காந்தம் மேலே வந்தால் இணைகிற சுவிட்சைத் தண்டவாளத்துக்குக் கீழே பதித்தேன். வண்டி முழுசாக ஸ்டேஷனுக்குள் வந்தால்தான் எதிர் வண்டி நிற்கிற லைனுக்குக் கரண்டு போகும். காலையில் ஒரு சுவிட்சைத் தட்டினால் பொழுதுக்கும் தானாக ஓடும். கடைத்தெருவிலிருந்து ஆட்களை அழைத்துவந்து காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். சம்பந்தியும் தட்டினார்.

கொஞ்ச நாள் கழித்து மகள் போன் செய்தாள். "அப்பா, மாமா மாடிக்கே போறதில்லப்பா. மாயவரத்துல அவுங்க பழைய வீடு பூட்டிக் கெடக்கில்ல, அங்க போயி இருக்கப் போறேன்னு பைய கட்டி வச்சிருக்காரு. அங்க யாருப்பா இருக்காங்க அவருக்குச் சோறு போட?"

"ஏன், என்னா கொறச்சலாம்?"

"எனக்கு இங்க என்னாம்மா வேலைங்கறாரு. இருந்த ஒரு வேலையையும் நீதான் மிஷினுக்குக் குடுத்துட்டியே."

போனை வைத்ததும் கடையிலிருந்த செப்புத் தகட்டில் கொஞ்சம் வெட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் பஸ் ஏறிப் போனேன். நேரே மாடிக்குப் போய்ச் சிதம்பரம் ஸ்டேஷனுக்கு அடியில் ஒரு ஒயரை உருவிவிட்டேன். மேலே ஒரு கட்டை உட்காரும் அளவுக்குக் குழி வைத்து, அதில் இரண்டு செப்புத் தகடு பதித்தேன். மஞ்சள் கட்டையின் அடியிலும் தகடு சுற்றினேன். கட்டையை வைத்தால் கரண்டு, எடுத்தால் இல்லை. கீழே இறங்கி, கட்டிவைத்த பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னேன்:

"சம்பந்தி, உங்க ஸ்டேஷன்ல மட்டும் கோளாறு. என்னா பாத்தும் பிடிபடல. வண்டி வருது, கெளம்ப மாட்டேங்குது."

"உங்க வேலையிலயா கோளாறு?"

"ஆமா."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் தொழிலில் மழை பெய்து விளக்கு அணைந்திருக்கிறது, எலி ஒயரைக் கடித்திருக்கிறது. என் கைவேலையில் குறை என்று ஒருநாளும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். பலகைக்கு அடியில் படுத்துப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "கோளாறு கொஞ்சம் ஜாஸ்திதான் சம்பந்தி. அவசரப்பட்டு ரிப்பேர் பண்ணிடாதீங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்." சாயங்காலம் மகள் பையிலிருந்த சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். அதற்குப் பிறகு அவர் மாயவரம் பேச்சை எடுக்கவில்லை. தினமும் காலையில் குளித்துவிட்டு, ட்யூட்டிக்குப் போகிறவர் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு மாடி ஏறுவார். இறங்கும்போது கட்டை அவர் பையில் இருக்கும்.

அவருடைய காரியம் முடிந்த மறுநாள், துபாயிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "மாமா, ஒரு ஒயர் கழண்டு தொங்குது. மாட்டிட்டா வண்டி தானா ஓடும்" என்றார். முட்டி வலியோடு நானும் குனிந்தேன். நான் உருவிவிட்ட அதே ஒயர்தான். ஆனால் அன்றைக்கு அவசரத்தில் வெறுமனே விட்ட அதன் நுனியில், எதன்மேலும் பட்டுத் தானாக இணைந்துவிடாதபடி, சிவப்பு டேப் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. என் கடையில் கறுப்பு டேப்பைத் தவிர வேறு கிடையாது.

"கழண்டது இல்ல மாப்ளே. கழட்டினது. அப்படியே விடுங்க."

இப்போதும் போகும்போதெல்லாம் மாடி ஏறுகிறேன். கடலூர் வண்டி தானாக வந்து சிதம்பரத்தில் நிற்கும். நான் வண்டியை ஒருதரம் பார்த்துவிட்டுக் கட்டையைக் குழியில் வைப்பேன். எதிர் வண்டி கிளம்பி, வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கடலூர் போய்ச் சேரும். சேர்ந்ததும் கட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். என் தொழிலில் நான் ரிப்பேர் செய்யாமல் விட்ட ஒரே கோளாறு இது. இதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.