நான்கு விரற்கடை

கிறிஸ்துமஸ் மரத்தின் ஊசியிலை ஒன்றை மடித்துப் பார்த்தார், ஒடியவில்லை. கிளையை இரண்டு விரலால் உருவினார், உதிரவில்லை. கடைசியாக முகர்ந்தார்.

"சாயம் போகாதே?"

மரம் விற்பவன் ரம்பத்தைக் கீழே வைத்தான். "அண்ணே, இது மரம். துணி இல்ல."

தெருவுக்கே அவர் டெய்லர். சொந்தப் பெயரை மனைவியே மறந்திருக்கக்கூடும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு துணியில் இரண்டாம் முறை கத்தரி வைத்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை.

வீட்டுக் கூடத்தின் உயரத்தை டேப்பால் சரியாகத்தான் அளந்திருந்தார். கடையில் சொல்லும்போது, பழக்கதோஷத்தில், தையலுக்கென்று நான்கு விரற்கடை கூட்டிச் சொல்லிவிட்டார். விற்பவன் அந்த அளவுக்கே அடியை அறுத்துக் கொடுத்தான். கூடத்தில் நிறுத்தியபோது கிறிஸ்துமஸ் மரம் கூரையில் முட்டி, உச்சி மடங்கி, வாத்தியாரிடம் திட்டு வாங்குவதுபோல நின்றது.

"மிச்சத்தை எங்க மடிச்சுத் தைக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"இப்ப இதான் ஃபேஷன்."

மூன்று நாளாகியும் மரத்தை நிறுத்திய தொட்டியில் தண்ணீர் குறையவில்லை. இலைகள் கொட்டத் தொடங்கின. மகளோ ஞாயிற்றுக்கிழமை மரம் பார்க்க வகுப்பையே அழைத்திருந்தாள்.

தச்சு வேலை செய்யும் மச்சினன் வந்து, தரையில் படுத்துப் பார்த்தான். "அடிவெட்டுல பிசின் அடைச்சுக்கிச்சு மச்சான். நாலு விரல் அறுத்தா தண்ணியும் குடிக்கும், தலையும் நிமிரும்."

"நான் வெச்ச அளவு வெச்சதுதான்."

"அப்போ மரம் போயிரும்."

"போனா அளவோட போகட்டும்."

மச்சினன் ரம்பத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போனான். மறுநாள் டெய்லர் கடைக்குப் போகவில்லை. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி, பச்சை நூலால் கிளையில் தைக்க உட்கார்ந்தார். மதியத்துக்குள் பதினேழு இலை தைத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்த உலுக்கலில் எழுபது உதிர்ந்தன.

மகள் போனை எடுத்தாள். "ஏய், ஞாயித்துக்கிழமை வராதீங்கடி. எங்க வீட்டுல மரம்..."

"போனை வைம்மா," என்றார். "எல்லாரும் வெளிய நில்லுங்க. கொஞ்சம் வேலை இருக்கு."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே விடாத இருமல். இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே ரம்பச் சத்தம்.

கதவு திறந்தபோது மரம் நிமிர்ந்து நின்றது. தொட்டியில் சின்னச் சின்னக் குமிழிகள்.

"அறுத்தீங்களா?" என்றாள் மனைவி.

"சேச்சே. தண்ணி குடிச்சிச்சு, தானா நிமிர்ந்துக்கிச்சு."

சொல்லிக்கொண்டே, சட்டைக்குள் துருத்திக்கொண்டிருந்த மரத்துண்டை வயிற்றுவலிக்காரரைப் போல இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.